நெடுஞ்சாலைக்குக் கிழக்கே வராத ஃபைபர் இணைப்பு

அனுப்புநர்:
சி. பெரியநாயகி,
கிணற்றுத் தெரு (நெடுஞ்சாலைக்குக் கிழக்கே),
புதுச்சத்திரம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: கிணற்றுத் தெருவுக்கு ஃபைபர் இணைய இணைப்பு கிடைக்கச் சாலையைக் கடக்கும் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் மகள் யுவஸ்ரீயும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அவள் கோவையில் தையல் நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். வீடியோ அழைப்பில் சைகையால் பேசிக்கொள்வதே எங்கள் வழக்கம். எங்கள் தெருவில் கைப்பேசி சிக்னல் நிற்பதில்லை. கேபிள் இணையத்தையே நம்பியிருக்கிறோம்.

2. சென்ற ஆண்டு சாலையின் மேற்குப் பக்கம் முழுவதும் ஃபைபருக்கு மாறியது. எங்கள் பக்கம் பழைய கேபிளிலேயே நிற்கிறது. கேபிள் ஆபரேட்டர் மோகன்குமாரிடம் கேட்டபோது, எனக்குப் புரியும்படி நிதானமாக வாயசைத்துச் சொன்னார்: “அக்கா, இது டிவிக்குப் போட்ட ஒயருங்க. உங்க ஊட்டுக்கு வர்றதுக்கு வழி அகலமா இருக்குது. அங்கிருந்து போறதுக்குத் துளியூண்டுதானுங்க. ஃபைபருன்னா ரெண்டு பக்கமும் நல்லாப் போகும்.”

3. அவர் சொன்னதன் பொருளைக் கடந்த மாதம் உணர்ந்தேன். வயிற்று வலியோடு மருத்துவமனையிலிருந்து மகள் அழைத்தாள். குடல்வால் அறுவை செய்ய வேண்டும் என்கிறார்கள், சம்மதிக்கட்டுமா என்று கேட்டாள். அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. “பயம் வேண்டாம், செய்துகொள்” என்று சைகை காட்டினேன். தலையசைத்து அழைப்பை முடித்தாள். நானும் நிம்மதியடைந்தேன்.

4. ஆனால் அவள் திரையில் என் படம் “வேண்டாம்” என்பதோடு உறைந்துவிட்டது. அதுவே அம்மாவின் முடிவு என்று நம்பி, அறுவைக்கு மறுத்துவிட்டுத் தான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் குடல்வால் வெடித்து, உடன் வேலை செய்யும் மோனிஷா அவளைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தாள். பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும், அருகில் இருந்த என்னிடம் அவள் முதலில் கேட்டது, “ஏன் வேண்டாம் என்றாய்?” என்பதுதான். அன்று காட்டிய சைகையை மீண்டும் முழுதாகக் காட்டினேன்.

5. இதற்காக நான் யார்மீதும் குற்றம் சுமத்த வரவில்லை. அந்தக் கேபிளைப் பதித்த காலத்தில், எங்கள் தெரு பார்க்கத்தான் விரும்பும், அங்கிருந்து வெளியே அனுப்ப எதுவும் இருக்காது என்று எண்ணியிருப்பார்கள். இன்று அப்படி இல்லை. பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், நெசவு செய்வோர் சேலைப் படங்களை அனுப்புகிறார்கள், நான் பேசுகிறேன்.

6. ஃபைபர் சாலையின் அந்தப் பக்கம் வரை வந்துவிட்டது. சாலைக்கு அடியில் ஏற்கெனவே உள்ள குழாய் வழியாக அதைக் கொண்டுவர அனுமதி கிடைத்தால், இரண்டொரு நாளில் வேலையை முடித்துவிடலாம் என்று மோகன்குமார் உறுதி கூறுகிறார். அவர் அளித்த விண்ணப்பத்துக்கு இதுவரை பதில் இல்லை.

எனவே அவ்வனுமதியை விரைந்து வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். உடல் தேறிய மகள் அடுத்த வாரம் மீண்டும் கோவைக்குப் புறப்படுகிறாள். அங்கிருந்து அவள் ஏதேனும் கேட்டால், என் பதில் முழுதாக அவளைச் சேர வேண்டும்.

இடம்: புதுச்சத்திரம்
நாள்: 14.07.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
சி. பெரியநாயகி