பத்து இலட்சத்து ஒன்று

பதுளை பஸ் நிலையத்தில் இன்று ஒரு லொத்தர் வியாபாரி என் முன்னால் சீட்டுகளை விரித்தார். ஒன்றில் 1000001 என்று இருந்தது. "எடுங்க டீச்சர், நல்ல நம்பர்" என்றார். உன்னை நினைத்துச் சிரித்துவிட்டேன். நீ இறந்து ஆறு வருடமாகிறது. இன்னமும் இந்த எண்ணைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நாம் இருவரும் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருந்தோம். நான் பதுளைக் கடைத்தெருவிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ தோட்டத் தொழிலாளர் குடியிருந்த மேல் லயத்திலிருந்து நடந்து வருவாய். மேற்பார்வைக்கு வந்த கல்வி அதிகாரி உன் வகுப்புக் கரும்பலகையில் இந்த எண்ணை எழுதி, "இத எந்த எண்ணாலயும் வகுக்க முடியாது. எழுதிக்குங்க" என்றார். பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

"எழுதாதீங்க" என்றாய் நீ. "நூத்தியொண்ணால வகுக்கலாங்க சார்."

"லயத்துல பொறந்துட்டு எனக்கே கணக்கு சொல்லிக்குடுக்குறியா?"

"லயத்துல வகுத்தாலும் பதுளையில வகுத்தாலும் மீதி வராதுங்க."

சோக்கை எடுத்து 9901 என்று எழுதினாய். அதை நூறால் பெருக்கி, இன்னொரு 9901ஐக் கூட்டினாய். பத்து இலட்சத்து ஒன்று வந்து நின்றது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் மன்னிப்புக் கடிதம் கேட்டு உன்னிடம் கெஞ்சினார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா. நியமனம் அவரு கையிலதான் இருக்கு." நீ இரண்டே வரி எழுதினாய்: "101 × 9901 = 1000001. இதில் எந்த இடத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிவிக்கவும்."

பிறகு கையெழுத்துக் கேட்டு என்னிடம் ஒரு தாள் வந்தது. நீ அதிகாரியைக் கெட்ட வார்த்தையால் ஏசியதைப் பக்கத்து வகுப்பிலிருந்து நான் கேட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. ஒப்புக்கொள்கிறேன்: எனக்கும் நியமனம் வேண்டியிருந்தது. "நான் கேட்டது கணக்கு மட்டுந்தான்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

உன்னைப் பெரகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். நம் இருவருக்கும் நியமனம் பல வருடம் தள்ளிப் போனது. உன்னைப் பார்க்க வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நீ அழுதுகொண்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். நீயோ 9901ஐ உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். கொப்பி முழுக்க வகுத்தல், ஒவ்வொன்றிலும் மீதி.

"பகா எண்ணெல்லாம் தொண்ணூத்தேழு வரைக்கும் பாத்துட்டேன், அசையல. இனி பாக்கத் தேவையில்ல."

"ஏன்?"

"நூறுக்கு மேல ஒண்ணு வகுத்தா, அதுக்கு ஜோடியா நூறுக்குக் கீழ ஒண்ணு வகுத்தாகணும்ல? நூறையும் நூறையும் பெருக்கினாலே பத்தாயிரம் வந்துடுதே. இது அதுக்குள்ளதானே இருக்கு. இத யாராலயும் உடைக்க முடியாது."

அந்த அதிகாரி ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தினார்கள். உன் பெயரை எந்த மேடையிலும் எவரும் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்: அன்று அவர் சொன்னது பிழை, நீ சொன்னது சரி.

அதற்குப் பிறகும் எத்தனையோ தாள்களை என் முன் நீட்டினார்கள். நடக்காததை நடந்ததாகச் சொன்ன எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் சில பதவிகள் கிடைக்காமல் போயின. போகட்டும்.