யாரும் படுக்காத விரிப்புகள்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரும் உடம்புமாக நன்றாக இருக்கிறோம், முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் சுற்றுலா வழிகாட்டிப் பரீட்சையில் முதலாவதாக வந்து, முத்திரை வைத்த அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள், மூன்று நாட்டு பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் தம்பி சமையல் படிப்பில் மெடல் வாங்கிவிட்டான், வீட்டில் மட்டும் வெந்நீர் வைக்கவும் சோம்பல். உன் அக்கா மகனுக்கு நீச்சலில் கோப்பை. உன் பெரியவள் பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசியதை நான் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. அஞ்சாவதோடு நின்ற என் வயிற்றில் இத்தனை படிப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று தபால்காரர் கேட்கிறார்.

இனி மற்றது. தேர்தல் முடிந்ததிலிருந்து ஊர்வலம், கடையடைப்பு, ஊரடங்கு என்று மாறி மாறி வருகிறது. அதோடு போகாமல் படகுத்துறையில் டிக்கெட் வாங்கும் வரிசையில் குண்டு வைத்துவிட்டார்கள். அதில் பலூன்காரர் போய்விட்டார், நீ சின்ன வயதில் அழுது அழுது பலூன் வாங்குவாயே, அவர்தான். அன்றிலிருந்து வெளியூர் ஆள் ஒருவரும் வரவில்லை, நம் விடுதியில் ஈ ஓட்டுகிறோம். வழிகாட்டியம்மா என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே நம் ஊர்க் கோட்டையின் கதையை எனக்கு அந்நிய பாஷையில் சொல்கிறாள், நானும் தலையாட்டுகிறேன்.

ஆள் இல்லாத விடுதிக்கு டாக்சிக்காரர்கள் ஆள் கூட்டி வரமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதனால் உன் அண்ணி ஒரு வழி செய்தாள். தினமும் காலையில் சுத்தமான விரிப்புகளையே நனைத்து மாடிக் கொடியில் காயப் போட்டாள், சாயங்காலம் எல்லா அறையிலும் விளக்குப் போட்டாள். பார்க்கிறவர்களுக்கு விடுதி நிறைந்த மாதிரி இருக்கும். எங்கள் போதாத காலம், போலீசாருக்கும் அப்படியே தெரிந்துவிட்டது. ஊரே காலியாகக் கிடக்க இங்கே மட்டும் இத்தனை பேர் யார், எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று வந்து நின்றார்கள். ஒவ்வொரு அறையாகத் திறந்தால் மடிப்புக் கலையாத படுக்கை, பிரிக்காத சோப்பு. அப்புறம் எதுக்கும்மா துணி துவைக்கிறீங்க என்று அதிகாரி கேட்க, "யாருமே வரலைன்னு வெளியில தெரிய வெட்கமா இருந்துச்சு சார்" என்று சொல்லி உன் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் முகமும் வாடித்தான் போனது, இருந்தாலும் விசாரணைக்கென்று அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். மறுநாள்தான் விட்டார்கள். அடிக்கவில்லை என்கிறான், நான் நம்புகிறேன். ஆனால் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறான்.

லீவுக்குப் பிள்ளைகளோடு வரட்டுமா என்று கேட்டிருந்தாயே. அண்ணன் உடனே வரச் சொல்கிறான். "தம்பி வந்தா கொடியில நிஜமாவே ஆள் படுத்த விரிப்பு காயும்மா" என்கிறான். எனக்கு மட்டும் ஆசை இல்லையா, உன் சின்னவனை நான் இன்னும் கையால் தொட்டதில்லை. ஆனால் இங்கே வருகிற குழந்தைகள் முதலில் ஓடுவது படகுத்துறைக்குத்தான். வராதே. அண்ணன் போனில் கெஞ்சினாலும் வராதே. அம்மா வேண்டாம் என்றாள் என்று சொல், அவன் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இங்கத்திய செய்தியைப் பார்த்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் நால்வரும் குறையில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

கடல் பார்த்த மூலை அறை உனக்கென்று வைத்திருப்பது. அதில் மட்டும் பொய்க்கு விளக்குப் போடக்கூடாது என்று உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். எங்களிடம் இருக்கும் போட்டோவில் உன் பெரியவள் தொட்டிலில் கிடக்கிறாள். நால்வரும் நின்று, கால் வரை தெரிய, புதிதாக ஒன்று எடு. போனில் அனுப்பாதே, கலவரம் என்றால் முதலில் இன்டர்நெட்டைத்தான் நிறுத்துகிறார்கள். கடையில் கழுவித் தபாலில் போடு. வந்ததும் அந்த அறையில் மாட்டிவிட்டு, அன்றைக்கு நானே விளக்குப் போடுகிறேன்.

போட்டோவுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா