நன்றாகப் பேசிவிட்டேன்

செப்டம்பர் 3

எங்கள் தமிழ் வகுப்பை விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வகுப்பையே மூடக்கூடாது என்று அப்பா வழக்குப் போட்டதற்கு இது பதில். பஸ் மெக்கானிக்குக்கு அரசியல் சட்டம் எதற்கு? சிறுபான்மையினர் கேட்டால் தாய்மொழியில் படிப்புத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதாம். எழுதியவர்கள் வந்து என் பக்கத்தில் உட்காரட்டும். இன்றும் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வெளியிலிருந்து கதவை உதைத்தார்கள்.

அப்பா இதைப் படித்தால் உடைந்துபோவார். போர்வைக்குள் எழுதுகிறேன்.

செப்டம்பர் 9

கல்வி அதிகாரி வந்தார். கூடவே துணைத் தலைமையாசிரியை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வழுக்குப்பாறை. பேச்சு வழவழப்பாக இருக்கும், அசந்தால் மண்டை உடையும். அதிகாரி என்னை எழுப்பி அவர்களுடைய மாநில மொழியில் கேள்வி கேட்டார். அதட்டிக் கேட்டால் அந்த மொழியிலேயே கைகட்டிப் பதில் சொல்வது எங்கள் பழக்கம். தமிழில் சொன்னால் புரியவில்லை என்று வழுக்குப்பாறை வெளியே நிறுத்துவார். பிழையில்லாமல் சொன்னேன். பாராட்டினார். சந்தோஷமாகக்கூட இருந்தது — மடச்சி.

செப்டம்பர் 17

கோர்ட்டில் பள்ளிக்கூடத்து வக்கீல் என்னையே உதாரணமாகக் காட்டியிருக்கிறார். வழக்குப் போட்டவரின் மகளே இவ்வளவு நன்றாகப் பேசும்போது தமிழ் வகுப்பு எதற்கு என்று. நீதிபதி என்னை நேரில் விசாரிக்க வேண்டுமாம்.

அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "வாயத் தொறந்து எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கா."

"பயந்த புள்ள என்னங்க பண்ணும்? அந்த ரூம்ல நீங்க ஒரு நாள் உக்காந்து பாருங்க," என்றாள் அம்மா.

எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம். எல்லார் மேலயும்.

செப்டம்பர் 22

மாடிப்படியில் வழுக்குப்பாறை வழிமறித்தார். கோர்ட்டிலும் அதேபோல அழகாகப் பேச வேண்டுமாம். அடுத்த வருஷமும் நான் இங்கேதான் படிக்க வேண்டியிருக்கும், அதை மறக்கக்கூடாதாம். தோளில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து தோளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

செப்டம்பர் 23

நாளைக்குக் கோர்ட். என்ன சொல்வதென்று எழுதி எழுதிக் கிழித்தேன்.

செப்டம்பர் 24

தமிழ் வகுப்பு இல்லாவிட்டால் உனக்கு என்ன கஷ்டம் என்று நீதிபதி அவர்கள் மொழியில் கேட்டார். என் வாய் தானாகவே அதே மொழியில் ஆரம்பித்துவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் மொழியிலேயே நான் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க மொழி எனக்கு நல்லா வரும் ஐயா. பயந்தா இன்னும் நல்லா வரும். இப்பவும் பயமாத்தான் இருக்கு. தமிழ் வகுப்புல மட்டும்தான் புரியலன்னு கை தூக்குவேன்."

யாரிடம் பயம் என்று கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த வழுக்குப்பாறையைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்டோபர் 11

தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு மொழி தெரியும் என்பதற்காகத் தாய்மொழியில் படிக்கும் உரிமை போய்விடாதாம். வகுப்பை மூடக்கூடாது. அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அக்டோபர் 14

பள்ளிக்கூட வாசலில் வழுக்குப்பாறை. ஏன் தாமதம் என்று அவர்கள் மொழியில் அதட்டினார். சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது என்று தமிழில் சொன்னேன்.

அவர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார்.

நாங்கள் பேசுவது புரியவில்லை என்றுதானே இத்தனை வருஷமும் எங்களை வெளியே நிறுத்தினாள்?