கேட்டுக்கு வெளியே நின்ற நார்வே

அன்பு மகள் அப்வோலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் நீங்கலாக. அங்கே நீயும் சுகம் என்று நம்பத்தான் பார்க்கிறேன். வசிப்பு அனுமதி வந்ததா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன், நீ பனியைப் பற்றியே எழுதுகிறாய்.

எனக்கு எட்டு நாளாக இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் தலைமையாசிரியர் இசிங்கோமா, ஹோய்மா நகரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், பிள்ளைகளை உலகக் குடிமக்களாக்கும் பொறுப்போடு திரும்பினார். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் வகுப்புக்கு ஒரு நாடு. நீ அங்கே இருப்பதால் என் ஐந்தாம் வகுப்புக்கு நார்வே. உன் பழைய சிவப்புப் பாவாடையை வெட்டிக் கொடி தைத்தேன், கோபிக்காதே. கொடி பிடிக்க சிஃபாவை வைத்து, வெள்ளிக்கிழமையே அவளிடம் கொடுத்தனுப்பினேன். காங்கோவிலிருந்து தப்பி வந்து அகதி முகாமில் இருக்கும் பெண், நாலு மைல் நடந்து வருகிறாள். காங்கோ ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டதால் அவள் நார்வே ஆனாள். கூட்டம் தொடங்கினால் கேட்டைப் பூட்டுவது உனக்குத் தெரியும், நீயே எத்தனை நாள் வெளியே நின்றிருக்கிறாய். அன்று முறை என்னுடையது, ஏழரைக்கு நானே பூட்டினேன். எல்லைகள் இல்லாத உலகத்தைப் பற்றித் தலைமையாசிரியர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நார்வே முழங்கால் சேற்றோடு கம்பிக்கு வெளியே நின்றது. என் வகுப்பு குகொன்ஸா கை தூக்கி, சார், வெளியில நிக்கிறவங்க உலகத்துல சேர்த்தி இல்லையா என்றாள். உலகம் ஏழரைக்கு ஆரம்பிக்குது, கையக் கீழ போடு என்றார் அவர். திரும்பிப் பார்த்தால் கொடி கம்பியில் தொங்கியது, சிஃபா இல்லை.

வாரம் முழுக்க அவள் வரவில்லை. இன்னொரு வாரம் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். சனிக்கிழமை குகொன்ஸாவைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன். சிஃபாவின் தாய் தேநீர் கொடுத்துவிட்டு, டீச்சரம்மா, பூட்டின கதவு நாங்க நெறையப் பாத்தாச்சு, இன்னொண்ணு பாக்க நாலு மைல் எதுக்கு என்றாள். கிளம்பும்போது குகொன்ஸா சிஃபாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

நேற்று திங்கட்கிழமை. ஏழரைக்குப் பூட்டினேன், வரிசையில் என் வகுப்பையே காணோம். பத்து நிமிடம் கழித்து அறுபத்திரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள், நடுவில் சிஃபா. விடியலில் பாதி வழி போய் அழைத்து வந்திருக்கிறார்கள். டீச்சர், இவளுக்கும் நம்மளப் போல எம்பாகோப் பேரு வச்சாச்சு, ஆத்தேன்யின்னு, இனி இவ நம்மாளு என்றாள் குகொன்ஸா. சிஃபா கம்பி வழியாக என் எம்பாகோவைச் சொல்லி, அட்யேரி, சுகமா என்றாள். நம் வழக்கம் உனக்குத் தெரியும், அன்பும் மரியாதையுமாகக் கூப்பிடும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பதிலுக்கு அவள் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுகம், ஆத்தேன்யி என்றேன். சொன்ன பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. திறந்துவிட்டேன்.

தலைமையாசிரியர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். அதை எழுத உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறையை மறக்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். அனுமதி என்ன ஆயிற்று என்று எழுது. அங்கே யாராவது உன்னை எம்பாகோ சொல்லி, அப்வோலி என்று கூப்பிடுகிறார்களா, அதையும் எழுது.

உன் அம்மா,
அட்யேரி