சீமெந்துப் பேப்பர் போட்ட நாவல்

ராணி மச்சாள், என்ட கிளி,

நீ பொய்க்காரி. செத்துப்போனவளுக்கு எழுதுகிற கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாது என்று ஆட்கள் சொல்வார்கள். சொல்லட்டும். நீ பொய் சொன்னாய். அந்தப் பொய்யை நம்பி என்ட அக்கா பூமணி ஆளில்லாத ஊரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

முதலில் ஊர்ப்புதினத்தைக் கேள். மாங்கேணியில் இப்போது சனம் இல்லை. ஷெல் விழ விழ உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, கல்குடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடக்கிறோம். உன்ட அம்மாவும் எங்களோடுதான். கரும்பலகைக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறா. நாம் இறால் உரிக்கிற வாடி, அந்தத் தகரக் கொட்டில், சரிந்துவிட்டது. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். துவக்கு வைத்திருக்கிறவனிடம் போய்த் தகரத்தைத் திருப்பித் தா என்று கேட்க இன்னும் யாரும் பிறக்கவில்லை.

வாடிப் பெண்கள் எல்லாரும் இங்கேதான். உரிக்க இறால் இல்லை, எரிக்க விறகு இல்லை. ஆனால் பின்னேரமானால் கண்ணம்மா மாமி வந்து எனக்கு முன்னால் காலை நீட்டி இருந்துகொள்கிறா. "சுகுணா, அது மாதிரி இன்னொண்டு கிடந்தா வாசியன் கா."

அது மாதிரி. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நீ எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தாய்?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இறால் உரிக்கிற கையால் புத்தகத்தைத் தொட முடியாது. ஓடு கீறிய விரலில் உப்புத்தண்ணி ஊறி, தோல் வெளுத்து, சோறு தின்னும்போதும் அந்த நாற்றம் போகாது. அதனால் வாடியில் ஒருத்தி மட்டும் காய்ந்த கையோடு இருந்து சத்தமாக வாசிப்பாள். அவளுடைய கூடையை மற்றவர்கள் பங்கு போட்டு உரித்துக் கொடுப்போம். அந்த ஒருத்தி நீ. கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் ஏறி இருந்து, தொண்டையைச் செருமிவிட்டு, இன்றைக்கு எவள் முதலில் அழுவாள் என்று ஒரு பார்வை பார்ப்பாய். பட்டணத்தில் இதற்கு வாசகர் வட்டம் என்று பெயர் வைப்பார்கள். எங்கள் முதலாளி வைத்த பெயர் மூக்குச் சிந்துற சங்கம்.

நீ வாசித்ததில் எல்லாரும் விழுந்து கிடந்தது ஒரே ஒரு கதையில். ஆற்றோரத்தில் ஓர் ஊர். மரம் தறிக்கக் காட்டுக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. பிறகு வெள்ளம் வருகிறது. ஊரே மேட்டுக்கு ஓடுகிறது. அவள் ஓடவில்லை. அவன் வந்தால் வீடு அடையாளம் தெரிய வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு இருக்கிறாள். கடைசியில் நீலச் சட்டையோடு அவன் வருகிறான். வெள்ளத்துக்குள் எல்லா வீடும் ஒன்றுபோலத் தெரிந்தது, திறந்திருந்த கதவைப் பார்த்துத்தான் வந்தேன் என்கிறான்.

வாடி முழுக்க அழுதது. கண்ணம்மா மாமி எழும்பி வந்து, மூக்கைச் சிந்திய கையாலேயே புத்தகத்தைத் தடவினா. சீமெந்துப் பையைக் கிழித்துப் போட்ட அட்டை அது. அந்தக் கறை இன்றைக்கும் அதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உனக்குப் பிடித்தது சனியன். அது மாதிரி இன்னொன்று வேண்டும். வாழைச்சேனைச் சந்தையில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் தேடினாய். கல்குடாவில் பள்ளிக்கூட ரீச்சர்மாரின் வீட்டுப் படலைகளில் போய் நின்றாய். கடைசியில் முஸ்லிம் ஊரான ஓட்டமாவடிக்கே போய், அலுமாரி நிறைய நாவல் வைத்திருந்த, முந்தியும் உனக்கு இரவல் தந்த சுபைதா ராத்தாவிடம் ஒவ்வொன்றாக இரவல் வாங்கினாய். தமிழ்ப் பெண் அங்கே தனியாகப் போவதும், அங்கிருந்து ஒருத்தி இங்கே வருவதும் அப்போது சின்னக் காரியம் இல்லை. வெட்டுப்பட்ட சனத்தின் கதை இரண்டு பக்கமும் இருந்தது. நாவலுக்காக ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டினவள் நீ ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

கொண்டு வந்ததை எல்லாம் வாடி தள்ளியது.

"இது என்ன கா, ஒருத்தனும் வரவுமில்ல, போகவுமில்ல. வீட்டுக்குள்ள இருந்து யோசிச்சிக்கிட்டே கிடக்கான்."

"இதுல மாமியார் நல்லவவா? எழுதினது ஆம்பிளதான், பந்தயம்."

"துப்பறியிறவன்ட கதை வேணா ராணி. இஞ்ச நம்மள விசாரிக்கிறவனுகள் காணாதா?"

நானும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நம்மைப் போல ஆட்களைப் பற்றி, முதலாளியைப் பற்றி, ஆமியைப் பற்றி, இயக்கப் பெடியன்களைப் பற்றி உண்மையாக எழுதின ஒரு நாவல் தேடிக்கொண்டு வா என்றேன். "அதுக்கு ஏன் கா புத்தகம், வாடிய நிமிர்ந்து பாத்தாக் காணுமே" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பில் கோபம்தான்.

அப்படி ஒன்றும் சரிவராத நாட்களில் பழையபடி சீமெந்துப் பேப்பர் நாவலை எடுப்பாய். ஒரு தரம் அவன் வெள்ளைச் சட்டையோடு வந்தான். கண்ணம்மா மாமி விடவில்லை. "முந்தி வாசிக்கக்குள்ள நீலச் சட்டையெல்லோ?" நீ தாளில் இருந்து கண்ணை எடுக்காமல், "வெயிலுக்குள்ள நடந்து வந்ததில வெளுத்துப் போச்சு மாமி" என்றாய். நானும் சிரித்தேன். எவ்வளவு மடைச்சியாக இருந்திருக்கிறேன்.

அக்காவின் விசயத்துக்கு வருகிறேன். அவளுடைய புருசன் சிவம் அத்தானைப் பனிச்சங்கேணியில் வலை எடுக்கப் போன இடத்தில் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். பிடித்தவர்களிடம் போய்க் கேட்டால், பிடிக்கவில்லை என்றார்கள். அக்கா அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தாள். இரண்டு தரம் கிணற்றுக் கட்டில் இருந்து நானும் நீயுமாக இழுத்துக்கொண்டு வந்தோம். அந்த நாட்களில்தான் நீ அந்த நாவலோடு வந்தாய். அக்காவையும் வாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கில் இருத்தினாய். வெள்ளம் வருகிற இடத்தில் நீ வேண்டுமென்றே நிறுத்தினாய். அத்தனை நாளாக வாய் திறக்காதவள் கேட்டாள்: "பிறகு?"

அந்த ஒரு கேள்வியோடு அவள் பிழைத்தாள். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் எப்படிப் பிழைத்தாள்? தோணி திருத்துகிற நடேசன், பெண்சாதி செத்த மனிதன், குணமானவன், வந்து கேட்டான். "என்ட மனிசன் வந்தா ஆரு பதில் சொல்லுற?" என்று அனுப்பிவிட்டாள். இறந்ததாகப் பதியச் சொல்லி விதானையார் வந்தபோது விளக்குமாற்றை எடுத்தாள். ஊர் முழுக்க வெளிக்கிட்ட நாளில் நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். கையை உதறிவிட்டுச் சொன்னாள்: "அவள் வெள்ளத்துக்கே போகல்ல. நான் ஷெல்லுக்கா போறன்?"

அன்றைக்குத்தான் உனக்கும் ஷெல் பட்டது. தொடையில் துணியை இறுக்கிக் கட்டி டிராக்டர் பெட்டியில் உன்னை ஏற்றினோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மறித்தான். எல்லாரையும் இறக்கினான். உன்ட அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஒத்து வரவில்லையாம். இரத்தம் போய் வெளுத்த முகம் எப்படி ஒத்து வரும்? அவன் பெரியவனைக் கூப்பிட, பெரியவன் சாப்பிட்டு முடித்து வர, நீ என்ட மடியில் கிடந்தாய். அம்மாவைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ நீ ஒன்றும் சொல்லவில்லை. "அந்தச் சீமெந்துப் பேப்பர் புத்தகம் சுபைதா ராத்தாட. குடுத்திரு கா" என்றாய். பிறகு ஒன்றும் இல்லை. பெரியவன் வந்து, போகலாம் என்று கையைக் காட்டினான்.

உன்ட பைக்குள் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெண்கள் கேட்டார்கள் என்று, கொடுக்க முதல் ஒரு தரம் வாசிப்போம் என்று திறந்தேன்.

கோழி வளர்ப்பு. கூடு கட்டுவது எப்படி, தீன் வைப்பது எப்படி, கழிச்சல் வந்தால் என்ன மருந்து. முதலில் இருந்து கடைசித் தாள் வரைக்கும் கோழி.

யாரோ புத்தகத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அட்டையில் கண்ணம்மா மாமியின் கறை இருந்தது. பாதை திறந்த நாள் பார்த்து ஓட்டமாவடிக்குப் போனேன். உண்மையான நாவலை எடுத்து வரலாம், இல்லாவிட்டால் அது மாதிரி ஒன்றையாவது கேட்டு வரலாம் என்று.

சுபைதா ராத்தா படலையிலேயே என்னைக் கட்டிப் பிடித்து அழுதா. பிறகு புத்தகத்தைக் கண்டதும் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னா: "இது என்ட மாப்பிள்ளட கோழிப் புத்தகம். அண்டைக்கு ராணி நாவல் கேக்கல்ல, தண்ணிதான் கேட்டா. கையெல்லாம் சேறு. வெறுங்கையோட போனா ஊரில கேப்பாங்க ராத்தா எண்டு, மேசையில கிடந்த இத எடுத்துக்கிட்டுப் போனா."

"கையில ஏன் ராத்தா சேறு?"

அவ என்ட கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இருத்தினா. "உங்களுக்குத் தெரியாதா மகள்?"

பஸ் ஓடாத நாள் அது. நீ தோணியில் வந்திருக்கிறாய். வழியில், தண்ணிக்குள் வேர் விட்டு நிற்கிற கண்டல் பத்தைக்குள் ஓர் ஆள் கிடப்பதைக் கண்டிருக்கிறாய். முகம் இல்லை. நீலச் சட்டை. அத்தானின் சட்டைதான்; பிய்ந்த காலரைக் கறுப்பு நூலால் தைத்தது நீயேதான், அக்காவுக்குக் காய்ச்சலாக இருந்த நேரம். நீயும் தோணிக்காரருமாகக் கரையில் கிடங்கு வெட்டித் தாட்டிருக்கிறீர்கள். எந்தக் கரை என்று ராத்தாவிடம் நீ சொல்லவில்லை. தோணிக்காரர் யார் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அந்த மனிதனையும் கொல்லுவார்கள் என்றாயாம். புத்தகத்தை ராத்தா திருப்பி என்ட கையிலேயே தந்துவிட்டா.

தண்ணியைக் குடித்தாய். கையைக் கழுவினாய். வாடிக்கு வந்து மீன்பெட்டியில் ஏறி, கோழிப் புத்தகத்தை விரித்து, தாட்டுவிட்டு வந்த மனிதனுக்கு அதே சட்டையைப் போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய்.

அதனால்தான் அது மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை. எந்த அலுமாரியில் கிடைக்கும்? தெரிந்துகொண்டுதானே பாலத்தைத் தாண்டித் தாண்டிப் போனாய்? யாரோ ஒருவன் எங்கோ உண்மையாகவே அப்படி எழுதியிருப்பான் என்று நீயும் நம்பினாயா?

பெண்களிடம் சொல்லிவிட்டேன். கண்ணம்மா மாமி புத்தகத்தை வாங்கிப் புரட்டினா. பிறகு, "கோழிப் புத்தகத்துக்கா நான் இவ்வளவு அழுத?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நிற்காமல் வெளியே எழும்பிப் போய்விட்டா. அடுத்த நாள் பின்னேரம் பழையபடி வந்து இருந்தா. "அது மாதிரி நீ ஒண்டு சொல்லன் கா. புத்தகம் இல்லாட்டியும் காரியமில்ல." எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

போன கிழமை மாங்கேணிக்குப் போனேன். எங்கள் தெருவில் நாய்களும் அக்காவும்தான். பக்கத்து வீட்டுச் சுவரில் புதிதாக ஓர் ஓட்டை. அக்கா வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்திருந்தாள். கதவு திறந்து கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கோழிப் புத்தகத்தையும் விரித்துக் காட்டினேன்.

தாளைப் புரட்டிப் பார்த்தாள். "உனக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள். "ராணிக்குத் தெரியும்."

"சட்டை, அக்கா. கறுப்பு நூல்."

அவளுடைய முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "அப்ப இடத்தக் காட்டு. காட்டினா ஒரு கல்லு வச்சிப்போட்டு உன்னோட வாறன். காட்டாட்டி இனி இந்தக் கதையோட இஞ்ச வராத."

கேட்டாயா மச்சாள்? அவள் வருவாள். ஓர் இடம் தெரிந்தால் போதும். செத்த மனிதனைச் செத்தவன் என்று சொல்வதற்கு இந்த நாட்டில் எவனும் துண்டுக் கடுதாசி தரமாட்டான். பிடித்தவன் தரமாட்டான், மற்றவனும் தரமாட்டான். தெரிந்திருந்தவள் நீ. நீ அவளை உயிரோடு வைத்திருந்தாய், சரி. எதற்காக? ஆளில்லாத தெருவில் அடுத்த ஷெல் விழும்வரைக்கும் வாசல் கூட்டுவதற்கா? இரக்கத்தில் ஒரு பொய்யைத் தொடங்கினவள் அதை முடிக்கிற வேலையை யார் தலையில் போட்டுவிட்டுப் போனாய்?

கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு ஒரே காரணம்தான். நீ வாசிக்கப் போவதில்லை. அந்தத் தோணிக்காரர் உயிரோடு இருந்தால், அவர் கண்ணில் படட்டும். உங்கள் பெயரை நான் எந்த இடத்திலும் சொல்லமாட்டேன், ஐயா. இடம் மட்டும் வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இடம் தெரிந்தால் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, கண்ணம்மா மாமிக்குப் பக்கத்தில் இருத்தி, உன்ட கதையை ஒரே ஒரு தரம் வாசிப்பேன். அந்தக் கோழிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே. வெள்ளம் வரும், கதவு திறந்திருக்கும். ஆனால் அவன் வரமாட்டான். அவள் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு மேட்டுக்குப் போவாள்.

அதற்கு எனக்குக் கடைசித் தாள் வேண்டும். எந்தக் கரை, ராணி? எந்தக் கண்டல் பத்தை? அவரை எங்கே தாட்டாய், சொல்லு.

கேட்டபடி நிற்கும் உன்ட மச்சாள்,
சுகுணா