உருகிப்போன சாட்சி

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம், அங்கே நீயும் நலமாகத் தரையில் இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, உன் அக்கா மகள் நடக்கிறாள், வீட்டில் ஒரு பொருளும் இருந்த இடத்தில் இல்லை. எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசியதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பட்டறையில் ஸ்பேனரை எடுக்கிறேன், எதற்கென்று மறந்து திரும்ப வைக்கிறேன். பயிற்சி விமானத்தில் இறங்கும்போது இன்ஜின் இருமியது, கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழை இழுத்தேன், இன்னும் மோசமாகக் குலுங்கியது, பயந்து உள்ளே தள்ளிவிட்டேன் என்று சிரித்தாய். தரையில் பார்த்தால் ஒன்றுமில்லை, அதனால் வாத்தியாரிடம் சொல்லவில்லை என்றாய். போனில் நான் எது சொன்னாலும் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய். சனிக்கிழமை தனியாகப் பறக்கப் போகிறாய், அதற்குள் இந்தக் கடிதம் கிடைக்க வேண்டும், அக்கா போனில் படமெடுத்து அனுப்புவாள்.

விமானம் எனக்குத் தெரியாது, ஆனால் முப்பது வருடமாக கார்புரேட்டர் முகத்தில்தான் விழிக்கிறேன். பெட்ரோல் ஆவியாகும்போது அதன் தொண்டை ஜில்லிட்டுப்போகும் என்று தெரியும், பனி கட்டும் என்று நம்பியதில்லை. திங்கட்கிழமை, சட்டை நனைகிற புழுக்கத்தில், ஒரு பழைய இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே காற்று போகும் வழியை அடைத்து வெள்ளையாகப் பனி. நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் வெறும் தண்ணீர். நீ சூடு விட்டதும் அப்படி உருகிய தண்ணீர்தான் இன்ஜினுக்குள் போய்க் குலுக்கியிருக்கிறது. மருந்து வேலை செய்கிற நேரத்தில் மருந்தை நிறுத்திவிட்டாய்.

அதைப் பார்த்ததும் ரொட்டி வேன்காரர் ஞாபகம் வந்தது. ஈரமான காலைகளில் வண்டி மூச்சடைத்து நிற்கிறது என்று மூன்று முறை வந்தார். நான் திறந்து பார்க்கும்போது எதுவும் இருக்காது. வண்டில ஒண்ணுமில்லண்ணே, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு பத்துப் பேர் முன்னால் சிரித்தேன். பிறகு ஒருநாள் தண்டவாளத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஓடியதால் ஆள் பிழைத்தார், வேன் போய்விட்டது. நேற்று தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்பவே சொன்னேனே தம்பின்னார், அவ்வளவுதான்.

வானத்தில் உனக்கு இறங்கி ஓட இடமில்லை கண்ணு. இன்ஜினை அடக்கி இறங்கும் முன்பே குமிழை முழுதாக இழு. குலுங்கினால் குலுங்கட்டும், தெளியும்வரை உள்ளே தள்ளாதே. வாத்தியாரிடம் இன்றே சொல். அவர் திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சிரித்தால், எங்கப்பாவும் இப்படித்தான் சிரிச்சார் சார் என்று சொல்.

நல்லபடியாகப் பறந்து நல்லபடியாக இறங்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். சனிக்கிழமை இறங்கியதும் கூப்பிட மறக்காதே, அதுவரை நான் உட்காரப் போவதில்லை.

இப்படிக்கு,
நின்றுகொண்டே இதை எழுதும் அப்பா