ஒரு அடிகூட ஓடாத சைக்கிள்

அண்ணே,

நேற்று வீட்டுச் சோபாவுக்கு உறை மாற்ற ஆள் வந்திருந்தான். புது ரெக்ஸினைக் கூடத்தில் விரித்தானோ இல்லையோ, அந்த வாசனை என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய் விட்டது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எழவு வீட்டில்கூட வராத எரிச்சல் எனக்கு அந்த வாசனையில் வந்தது. உன் சைக்கிள் சீட்டிலும் இதே வாசனைதான் அடிக்கும். அதைச் சைக்கிள் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் கூசுகிறது.

எழுபதுகளின் கடைசி. மில்லில் நீ ஸ்டோர் கீப்பர். மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது அதை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். அவர் ஊரிலேயே அது பழைய மாடல் என்று அவரே சொன்னாராம். அவரும் அதை ஒருநாள் ஓட்டிப் பார்த்ததில்லை. விவரம் தெரிந்தவனாக இருந்தால் அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பான். நீயோ கேட்டதைக் கொடுத்து, ரிக்‌ஷாவில் ஏற்றி, சிம்மக்கல் சந்துக்குள் என்னமோ சாமி புறப்பாடு மாதிரி கொண்டுவந்து இறக்கினாய்.

நடுவில் ஒரு கொக்கியைத் தட்டினால் இரண்டாக மடங்கும். விரித்தால் ஈஸிச்சேருக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். சாய்ந்து படுத்துக்கொண்டு, முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிற பெடலைக் காலை நீட்டி மிதிக்க வேண்டும். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏண்டா, படுத்துக்கிட்டுக் காலை நீட்டிப் போறதுக்கு நாலு பேரு இருந்தாப் போதுமே, சைக்கிளு எதுக்குடா?"

அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்விட்டது. "மாப்ள, மாலை எத்தன மொழம் சொல்லட்டும்?" என்று கேட்டார்கள். அதோடு நீ ஒடுங்கிவிட்டாய். அம்புட்டுதான் உன் வீரம். ஐந்து வருஷம் அது கூடத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமையானால் துடைப்பாய், எண்ணெய் போடுவாய், வருகிறவர்களிடமெல்லாம் போர்வையை விலக்கிக் காட்டுவாய். "ஒரு அடிகூட ஓடல. அப்படியே புதுசு." ஒரு வண்டி ஓடவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்ன ஒரே ஆள் மதுரையில் நீதான்.

நாலாம் வருஷம் திருப்பரங்குன்றத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது. மூன்று இடம் தட்டிப்போய் இது நாலாவது. போட்டோவில் மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். நான் காபித் தட்டோடு கதவோரம் நிற்கிறேன். மாப்பிள்ளையின் அப்பா போர்வையைக் காட்டி, "அது என்ன தம்பி?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டார். நீ எழுந்தாய். போர்வையை உருவினாய். விரித்தாய். படுத்தாய். நடுவீட்டில், வாசலைப் பார்த்து, இரண்டு காலையும் அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேராக நீட்டி, "இப்படித்தான் மாமா, ஜம்முனு போகலாம்" என்றாய். மாமாவாம்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார்கள். நல்ல காரியம் பேச வந்த வீட்டில், நடுக்கூடத்தில் ஒரு ஆள் வாசல் பக்கம் காலை நீட்டிப் படுத்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? பஜ்ஜியை ஒருவரும் தொடவில்லை. "வீட்டுக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்றார்கள். டவுன் பஸ் போகிற ஊருக்கு லெட்டர் எதற்கு? அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். உனக்கு மட்டும் தெரியவில்லை. பத்து நாள் தபால்காரரை வாசலில் நிறுத்தி விசாரித்தாய், மடையா.

ஒரு வருஷம் ஒரு ஜாதகம் வரவில்லை. தரகர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "அந்த வண்டி வீட்ல கெடக்குற வரைக்கும் நான் எவரையும் கூட்டிட்டு வரமாட்டேன்." அவர் படியிறங்கியதும் உன்னிடம் சொன்னேன். "ஒண்ணு அது போகணும், இல்ல நான் இப்படியே கெழவியாகணும். நீயே சொல்லு." மறுநாளே விற்க ஆள் தேடிக் கிளம்பினாய்.

விற்கவாவது துப்பிருந்ததா? சைக்கிள் கடைக்காரர் பழைய இரும்புக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர் வாசலில் வேடிக்கைக்கு வைக்கலாம் என்று ஆசையாக வந்தார். நீ படுத்துக் காட்டியதும் செருப்பைக்கூட நின்று மாட்டாமல் போனார். கடைசியில் கே.கே. நகரிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். முதுகுவலிக்காரர். உன்னுடைய ஒரு அடிகூட ஓடாத கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓட்டிக் காமிங்க, எடுத்துக்கிறேன்" என்றார்.

உனக்கு ஓட்டத் தெரியாது. ஐந்து வருஷம் எண்ணெய் போட்டவனுக்கு ஓட்டத் தெரியாது.

சந்தில் இறக்கினாய். எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்கிற சாயங்கால நேரம். முதல் தடவை சாக்கடையோரம் சாய்ந்தாய். இரண்டாம் தடவை முழங்கையில் தோல் உரிந்தது. டீக்கடை மொத்தமும் வெளியே வந்துவிட்டது. ஒருவன் வாயாலேயே சங்கு ஊதினான். இன்னொருவன் பொரியை வாங்கி உன் மேல் இறைத்தான். மூன்றாம் தடவை வண்டி ஓடியது. நீ காலை நீட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மிதித்துப் போய்த் திரும்பினாய். எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஐந்து வருஷம் தெருவில் இறக்காமல் வைத்திருந்தாயோ, அந்தச் சிரிப்புக்குள்ளேயே எனக்காகப் போனாய். அது அப்போதே எனக்குத் தெரியும்.

நான் வாசலில் நின்றிருந்தேன். எதிர்வீட்டுக்கு அன்றைக்குத்தான் குடிவந்திருந்த அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "யாருங்க இது, உங்க வீட்டு ஆளா?"

"இல்லக்கா. வண்டி வாங்க வந்தவரு" என்றேன்.

அந்த வண்டியில் உட்கார்ந்தால் ஆள் என் இடுப்பு உயரம்கூட இருக்க மாட்டான். நீ அப்போதுதான் எங்களைத் தாண்டிக்கொண்டிருந்தாய். அண்ணாந்து என்னை ஒரு தடவை பார்த்தாய். டாக்டர் வண்டியை மடக்கி, தெருமுனையில் நின்ற காரில் ஏற்றிக்கொண்டு போனார். சோறு போடும்போது, "நல்லாத்தாம்மா ஓடுது" என்று அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். புகுந்த வீட்டிலும், பிறகு என் பிள்ளைகளிடமும் உன் சைக்கிள் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர் மூஞ்சிக்கு நேராகக் கால் நீட்டியது, பத்து நாள் தபால்காரரைக் கேட்டது, சாக்கடையில் விழுந்தது. வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். முழங்கை உரிந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். மிச்சம் என்ன என்று உனக்குத் தெரியும். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

அந்த அக்காவுக்கு மறுநாளே தெரிந்திருக்கும், நீ எங்கள் வாசலில் நின்று பல் தேய்த்ததைப் பார்த்தாலே போதும். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. உன் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் கோழை என்று இவ்வளவு நாள் ஏசிக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தைரியம் வரவே இல்லை. இப்போது எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

ஆமாக்கா. எங்க அண்ணன்தான்.